ஏழு பேர், ஒரே வீடு: தர்மபுரியில் சேர்ந்து வாழ்ந்து தெருவுக்கும் பயன்படுவது எப்படி?

கேள்வி இது: வேலைக்குப் போகும் ஏழு பேர் தர்மபுரியில் ஒரு வீடு எடுத்து, வாடகை, சமையல், செலவு எல்லாவற்றையும் பொதுவாக வைத்துக்கொண்டு, குடியிருக்கும் தெருவுக்கும் ஏதாவது செய்து வாழ நினைக்கிறோம். எங்கே ஆரம்பிப்பது, எதில் மாட்டிக்கொள்வோம்?

முதலில் வீட்டை ஓட்டப் பழகுங்கள், சேவை அப்புறம். கக்கூஸை யார் கழுவுவது என்று தினம் சண்டை நடக்கும் வீட்டிலிருந்து தெருவுக்கு ஒன்றும் போய்ச் சேராது. அடுத்தது, கொடுக்கப்போகிறோம் என்ற நினைப்போடு மட்டும் ஒரு தெருவுக்குள் நுழையாதீர்கள். கேட்டு வாங்கவும் தெரிந்த வீட்டைத்தான் தெரு தன்னோடு சேர்த்துக்கொள்ளும். கொடுத்துக்கொண்டே இருக்கும் வீட்டை "அவங்க ஏதோ டிரஸ்ட்டுங்க" என்று தள்ளி வைத்துவிடும்.

இந்தப் பக்கத்துக்கு இதெல்லாம் புதுசு இல்லை. சுப்பிரமணிய சிவா ஆசிரமம் அமைத்து, கடைசி நாட்களைக் கழித்து, 1925ல் இறந்தது பாப்பாரப்பட்டியில். அரூர் தாலுகா சிட்டிலிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற இரண்டு மருத்துவர்கள் 1993ல் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் தொடக்கமும் தர்மபுரிதான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989ல் இங்கே ஆரம்பித்தது பிறகு மாநிலம் முழுக்கப் போனது. அதனால் நீங்கள் குடிபோகும் தெருவில் கூட்டம் போடுவது, நோட்டு எழுதுவது, பேங்க்குக்குப் போவது எல்லாம் தெரிந்த ஒரு அக்கா ஏற்கெனவே இருப்பார். வீடு பிடித்ததும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கவுன்சிலரை இல்லை, அந்த அக்காவைத்தான்.

வீடு தேடும்போது தரைத்தளமாகப் பாருங்கள். மாடி வீட்டுக்கு ஆயாவும் தாத்தாவும் ஏறி வரமாட்டார்கள். வாசலில் திண்ணையோ, பத்துப் பேர் உட்காரும் அளவுக்கு போர்ட்டிகோவோ இருக்க வேண்டும். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே நடப்பது தெரிகிற மாதிரியான வாசல் நல்லது. காம்பவுண்டு சுவர் ஆள் உயரத்துக்கு இருக்கும் வீடு, வாடகை குறைவு என்றாலும் வேண்டாம். நான்கு பேருக்கு ஒரு கழிவறை என்று கணக்கு வைத்தால் ஏழு பேருக்கு இரண்டு. தரைக்குள் 5,000 லிட்டர் சம்ப் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தே பாருங்கள்.

எந்தத் தெரு என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. 2012 நவம்பரில் நாய்க்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. ஊர்த்தெருவின் நடுவில் வீடு எடுத்தால் காலனிப் பிள்ளைகள் வாசலோடு நின்றுவிடும். காலனிக்குள் எடுத்தால் ஊர்ப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் எப்படியும் நடக்கிற பாதையில் உள்ள வீடுதான் தேற வாய்ப்பு. ஹவுஸ் ஓனர் "நீங்க என்ன ஆளுங்க" என்று சுற்றி வளைத்துக் கேட்பார். ஏழு பேரும் கலந்துதான் இருக்கிறோம், வருகிறவர்களும் அப்படித்தான் வருவார்கள் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மறைத்து வாங்கிய வீட்டை மூன்றாம் மாதம் காலி செய்யச் சொல்வார்கள். வீட்டுக்குள் டம்ளர் விஷயத்தில் கவனம் வேண்டும். வருகிற எல்லாருக்கும் ஒரே எவர்சில்வர் டம்ளர்தான். யாரோ சங்கடப்படுகிறார்கள் என்று ஒருமுறை பேப்பர் கப் எடுத்தால், யாருக்கு எதில் கொடுத்தார்கள் என்பது சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆணும் பெண்ணும் கல்யாணமாகாமல் ஒரே வீட்டில் இருப்பதை, பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரில் சில லேஅவுட்களில் கண்டுகொள்ள மாட்டார்கள். தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரத்தில் அது எடுபடாது. சட்டம் தடுக்கவில்லை, ஆனால் பெண் பிள்ளைகளை உங்கள் வாசலுக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள். ஒரு தம்பதியும் மற்றவர்களும், அல்லது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு வீடுகளும் ஒரே சமையலும் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, நகர்ப்பகுதியில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஓசூர் பக்கம் பெங்களூர் பழக்கத்தில் பத்து மாதம் கேட்பார்கள், பேசிக் குறைக்கலாம். ஏழு பேர் பெயரும், சாயங்காலம் பிள்ளைகள் வந்து இலவசமாகப் படிக்கும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பிள்ளைகளை ராத்திரி தங்க வைக்காதீர்கள், எவ்வளவு பாவமாக இருந்தாலும். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்க வைத்தால் அது சிறார் நீதிச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய இல்லமாகிவிடும். பதிவில்லாமல் நடத்துவது குற்றம். அதே மாதிரி வெளிப் பெண்களிடம் பணம் வாங்கித் தங்க வைத்தால் 2014ஆம் ஆண்டு விடுதிச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வேண்டும்.

சங்கம் பதிவு செய்ய அவசரம் வேண்டாம். 1975ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்துக்கு ஏழு பேர் போதும்தான். ஆனால் பதிவு செய்த நாளிலிருந்து வருடா வருடம் பொதுக்குழு, கணக்குத் தாக்கல் என்று வேலை சேரும். வெளியார் பணம் வாங்காத வரை, இரண்டு பேர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு போதும்.

பணத்துக்கு வருவோம். வாடகை 14,000 என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 2,000. கரண்ட், தண்ணி, நெட் சேர்ந்து 2,800 என்றால் ஆளுக்கு 400. சாப்பாட்டுச் செலவை மட்டும் ஆளுக்குச் சமமாகப் பிரிக்காதீர்கள். ஷிப்டுக்குப் போய் கேண்டீனில் சாப்பிடுகிறவரும், மூன்று வேளையும் வீட்டில் சாப்பிடுகிறவரும் ஒரே தொகை கொடுத்தால் இரண்டாம் மாதம் முணுமுணுப்பு ஆரம்பிக்கும். வேளைக் கணக்குதான் சரி. அடுப்படிக் கதவில் ஒரு சிலேட்டு, முந்தின நாள் ராத்திரி 9 மணிக்குள் அடுத்த நாள் வேளைகளைக் குறிக்க வேண்டும். மாதக் கடைசியில் மளிகை, காய், பால், சிலிண்டர் எல்லாம் சேர்த்து 16,800, மொத்தம் 480 வேளை என்றால் வேளைக்கு 35 ரூபாய். 68 வேளை சாப்பிட்டவர் 2,380 கொடுப்பார். குறித்துவிட்டுச் சாப்பிடாமல் போனாலும் கணக்கு உண்டு, இல்லையென்றால் சோறு மீந்துகொண்டே இருக்கும். இதோடு வீட்டு ரிப்பேருக்கு வீட்டு நிதி 300, தெரு வேலைக்குத் தெரு நிதி 200. வாடகையும் கரண்ட் பங்கும் சேர்த்து அவர் கொடுக்க வேண்டியது மொத்தம் 5,280. வீட்டு நிதியையும் தெரு நிதியையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். மோட்டார் ரிப்பேருக்குத் தெருப் பணத்தை எடுக்கிற நாளில் நம்பிக்கை போய்விடும். சம்பள வித்தியாசம் அதிகமாக இருந்தால் அதை வாடகையில் சரிசெய்யுங்கள், தனி அறைக்குக் கூடுதல், கூடத்தில் படுப்பவருக்குக் குறைவு என்று. சாப்பாட்டில் கைவைக்க வேண்டாம்.

இப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் ஒருவர் இருப்பார். பகலில் வீட்டில் இருப்பதால் சிலிண்டர் வாங்குவது, தண்ணி பிடிப்பது, கொரியர் கையெழுத்து எல்லாம் அவர் தலையில் விழும். கொஞ்ச நாளில் அவர் வீட்டு வேலையாள் ஆகிவிடுவார், யாரும் சொல்லாமலே. இதைத் தடுக்கப் பகல் பொறுப்புக்கு மாதம் இத்தனை வேளைச் சாப்பாடு கழிவு என்று எழுதி வைத்துவிடுங்கள். தம்பதி இருக்கும் வீட்டில் சமையல் அந்தப் பெண்ணிடம் போய்ச் சேருவதும் இதே வழியில்தான். பட்டியலில் ஆண்கள் பெயர் முதல் வாரத்திலேயே அடுப்புக்கு வர வேண்டும்.

ஏழு பேருக்கு, மதியம் பாதிப் பேர் வெளியே சாப்பிடும் வீட்டில், மாதம் 40 கிலோ அரிசி ஆகும். 26 கிலோ சிப்பமாக வாங்கினால் ஒன்றரைச் சிப்பம். ராகி 10 கிலோ, துவரம்பருப்பு 5 கிலோ. கொள்ளும் சாமையும் இங்கே விளைகிறவை. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையிலோ நேரில் பார்த்து வாங்கலாம். தக்காளி பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் விலை விழும்போது கூடையாக வாங்கித் தொக்கு செய்து வைத்தால் ராத்திரிச் சமையல் பாதியாகக் குறையும்.

வாரம் இரண்டு ராத்திரியாவது களி இருக்கட்டும். செலவு குறைகிறது, அக்கம்பக்கத்துச் சாப்பாடும் அதுதான். ஏழு பேருக்கு 1 கிலோ ராகி மாவு, 200 கிராம் நொய், 3 லிட்டர் தண்ணி. தண்ணி கொதித்ததும் உப்பும் கழுவிய நொய்யும் போட்டு, நொய் மலர்ந்து வேகட்டும். அதிலிருந்து ஒரு சொம்பு கொதிதண்ணியைத் தனியே எடுத்து வையுங்கள். மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள், கிளறக் கூடாது. துடுப்புக் காம்பால் அடிவரை ஒரு குழி போட்டு, தீயைக் குறைத்து மூடி 10 நிமிடம் விட்டால் ஆவி குழி வழியாக ஏறி மாவு வேகும். பிறகு இறக்கி, ஒருவர் கவைக்கோலால், அதாவது நுனி இரண்டாகப் பிரிந்த குச்சியால், பானையை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் துடுப்பால் சுற்றிச் சுற்றிக் கிண்ட வேண்டும். கட்டி தட்டினால் அவசரப்பட்டுக் கிளறிவிட்டீர்கள் என்று அர்த்தம். இறுகினால் எடுத்து வைத்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஈர விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. தனி ஆளால் 1 கிலோ களியைக் கிண்டிவிட முடியாது, அதனால் சமையல் பட்டியலை எப்போதும் இரண்டிரண்டு பேராகப் போடுங்கள். மிச்ச உருண்டையைத் தண்ணியில் போட்டு வைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு 6 மணி ஷிப்டுக்கு ஓடலாம்.

தண்ணியில்தான் இந்த மாவட்டத்தின் தனிப் பிரச்சினை இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பல இடங்களில் போர் தண்ணியில் புளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013ல் தொடங்கி வைத்தார்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர், ஏழு பேருக்கு 35 லிட்டர், அதாவது மூன்று குடம். அது ஒகேனக்கல் தண்ணியாக மட்டும் இருக்கட்டும். குளியல், துணி, கழிவறைக்கு போர் தண்ணி போதும். இரண்டையும் ஒரே சம்பில் கலக்கும் வீடுகள் உண்டு, குடிவரும்போதே பைப் எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். ஆளுக்கு 100 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 700. 5,000 லிட்டர் சம்ப் ஒரு வாரம் தாங்கும்.

தண்ணியைக் காய்ச்சினால் புளோரைடு போகாது. தண்ணி வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இது தெருவில் பலருக்குத் தெரியாது. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. பிள்ளைகளின் முன்பல்லில் குறுக்குவாட்டில் வெள்ளையாகவோ காவியாகவோ கோடு இருந்தால் புளோரைடு பாதிப்பு என்று சந்தேகப்படலாம். தெருவில் உள்ள போர்களிலிருந்து, கண்ணாடி பாட்டிலில் இல்லாமல் சுத்தமான பிளாஸ்டிக் கேனில் ஒவ்வொரு லிட்டர் பிடித்து, எந்த போர், என்ன தேதி என்று ஒட்டி, மாவட்டக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். ரிசல்ட்டைத் தாளோடு அந்தந்த வீட்டுக்காரரிடம் முதலில் காட்டுங்கள், அப்புறம் தெருவுக்குச் சொல்லலாம். "உங்க போர்ல விஷம்" என்கிற மாதிரி வாட்ஸ்அப்பில் போட்டால் அவரோடு உறவு முடிந்தது. ஆர்ஓ மெஷின் புளோரைடைக் குறைக்கும், ஆனால் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். அதைப் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றுங்கள், செடிக்கும் மாட்டுக்கும் வேண்டாம். மழைத் தண்ணியில் இந்தத் தொல்லை இல்லை. 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும், முதல் மழையையும் சிந்துவதையும் கழித்தால் 700 லிட்டர் கைக்கு வரும்.

மோட்டார் போட்டவர் அதை நிறுத்தும் வரை வீட்டை விட்டுப் போகக் கூடாது. சின்டெக்ஸ் நிரம்பி வழிந்து தெருவில் ஓடுவதைப் போல அக்கம்பக்கத்தை எரிச்சலூட்டுவது வேறில்லை, அதுவும் தெருவுக்கே தண்ணி வராத நாளில். கரண்டில் ஒரு விஷயம்: இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரை கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். ஒரு ஹீட்டரும் இண்டக்ஷன் அடுப்பும் உள்ள ஏழு பேர் வீடு 500ஐச் சுலபமாகத் தாண்டும். ரீடிங்கை மாதா மாதம் நீங்களே குறித்து வையுங்கள்.

வாரத்தில் ஒரு ராத்திரி, அதே நாள், முக்கால் மணி நேரம் வீட்டுக் கூட்டம். பணம், வேலை, மனத்தாங்கல் என்ற வரிசையில் பேசுங்கள். மனத்தாங்கலை முதலில் எடுத்தால் மற்ற இரண்டும் நடக்காது. நடத்துகிற ஆள் வாரம் மாற வேண்டும். நன்றாக நடத்துகிறார் என்று ஒருவரிடமே விட்டால் அவர் வார்டன், மற்றவர்கள் ஹாஸ்டல் பையன்கள். வந்து தங்கும் நண்பர்களுக்கு மூன்று ராத்திரி, அவர்கள் வேளைக் கணக்கு கூட்டி வந்தவர் பெயரில்.

இனி தெரு. பால் காய்ச்சும் நாளில் இரண்டு பக்கத்து வீடு, எதிர் வீடு, பின் வீடு ஆகியோரை நேரில் போய்க் கூப்பிடுங்கள். முதல் மாதம் எந்த உதவியும் அறிவிக்க வேண்டாம். குப்பை வண்டி எத்தனை மணிக்கு, தண்ணி எந்தக் கிழமை, பக்கத்தில் நல்ல டெய்லர் யார் என்று கேளுங்கள். ஏணி, ஆட்டுக்கல், களித் துடுப்பு இரவல் வாங்குங்கள். "அக்கா, களி கட்டி தட்டிப்போச்சு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டால் வராத அக்கா கிடையாது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நாலு பச்சைமிளகாயாவது போட்டுக் கொடுங்கள். படிவத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சர்வே மட்டும் போகாதீர்கள். இங்கே வாசலில் படிவத்தோடு நிற்கிறவர் மைக்ரோ பைனான்ஸ்காரர். ஆதார் நகல் கேட்டால் கதவு சாத்தப்படும், சாத்துவதும் நியாயம்தான்.

கல்யாணத்தை விட்டாலும் சாவை விடாதீர்கள். தெருவில் ஒரு சாவு என்றால் நாற்காலி இறக்க, தண்ணி கேன் வைக்க, வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்ல இரண்டு பேராவது போய் நில்லுங்கள். மொய் எழுதும்போது எப்போதும் ஒரே பெயரில் எழுதி, நோட்டில் குறித்து வையுங்கள். ஏழு பெயரில் எழுதினால் திருப்பிச் செய்யப் பாவம் அவர்களுக்குக் குழப்பம். மாரியம்மன் பண்டிகை வரி கேட்டு வந்தால், அந்தத் தெருவில் குடியிருக்கும் வாடகைக் குடும்பம் எவ்வளவு கொடுக்கிறதோ அதையே கொடுங்கள். அதிகம் கொடுத்தால் அடுத்த வருடம் ஸ்பான்சர் ஆகிவிடுவீர்கள்.

இரண்டாம் மாதத்தில் ஒரே ஒரு வேலையை எடுங்கள். மூன்றை ஒன்றாக எடுத்த வீடுகள் ஆறு மாதத்தில் மூன்றையும் நிறுத்திவிடுகின்றன. சாயங்காலப் படிப்பு எளிது என்று நினைப்பார்கள், உண்மையில் அதுதான் கஷ்டம், ஏனென்றால் ஒரு நாள்கூட விடக் கூடாது. வாரம் ஐந்து நாள் முடியாது என்றால் திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாள் சொல்லுங்கள், அந்த மூன்றையும் நடத்துங்கள். 6.30 முதல் 8 மணி, 15 பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். வீட்டுப்பாடத்தோடு ஆரம்பித்தால் ஒரு பிள்ளை கைடைப் பார்த்து எழுதும், மற்ற பதினான்கும் அதைப் பார்த்து எழுதும். முதல் 20 நிமிடம் சத்தமாக வாசிப்பு. வகுப்பைப் பார்க்காமல் யாருக்கு எவ்வளவு வாசிக்க வருகிறது என்று பார்த்துப் பிரியுங்கள். ஏழாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் ஒரே பாயில் உட்கார வேண்டி வரும், பெரிய பிள்ளைக்கு அவமானம் ஆகாமல் சின்னதுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை அதனிடம் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு 30 கிராம் கணக்கில் 450 கிராம் கொள்ளு அல்லது கொண்டைக்கடலையைக் காலையிலேயே ஊற வைத்தால் 15 பேருக்குச் சுண்டல். படிப்பு எப்போதும் வாசலில், கதவு திறந்து. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்பதில் யாருக்கும் விலக்கு இல்லை. பிள்ளைகள் முகத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை என்றால் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும், கிருஷ்ணகிரி டவுனில் சில தெருக்களில் உருது. அந்த மொழி தெரிந்த ஒருவராவது வீட்டில் இருந்தால் தாய்மார்கள் தயங்காமல் பேசுவார்கள்.

மூன்று நாள் படிப்புக்கே ஆள் இல்லை என்றால் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை மனு மேசை போடுங்கள். முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பட்டா மாறுதல், இதுதான் வரும். உங்கள் வேலை எழுதித் தருவதோடு முடிவதில்லை. மனுவுக்கு ஒரு நகல் எடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ரசீது எண்ணை நோட்டில் எழுதி, ஒரு மாதம் கழித்து அந்த எண்ணை வைத்து விசாரிப்பதுதான் பயன்படும் பகுதி. ஏடிஎம் கார்டு, ஓடிபி, ஒரிஜினல் பத்திரம், எதையும் வீட்டில் வாங்கி வைக்காதீர்கள், அவர்களே கொடுத்தாலும். முதியவர்கள் அதிகம் உள்ள தெருவாக இருந்தால் மாத்திரை விஷயத்தைக் கவனிக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது; பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். உங்கள் பகுதித் தன்னார்வலர் யார் என்று கண்டுபிடித்து, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று அவருக்குச் சொல்லுங்கள். நீங்களே மாத்திரை வாங்கிக் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள்.

படிப்புக்கு வந்த பெண் பிள்ளை பத்தாவது முடித்ததும் திடீரென்று நின்றால் ஏன் என்று விசாரியுங்கள். இந்த இரண்டு மாவட்டத்திலும் குழந்தைத் திருமணம் ஓய்ந்தபாடில்லை. பெண்ணுக்கு 18 முடியவில்லை என்று தெரிந்தால் அந்த வீட்டு வாசலில் போய்ச் சண்டை போடுவது பிள்ளையை இன்னும் தூரமாக அனுப்பத்தான் உதவும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பேசுங்கள், சொன்னவர் பெயரை வெளியிட மாட்டார்கள். வாசல் சுவரில் 108, 1098, பெண்களுக்கான 181, முதியோருக்கான 14567, நான்கு எண்களையும் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.

தெருக் கூட்டம் போட ஞாயிறுதான் நாள். பெங்களூர், திருப்பூர் வேலைக்காரர்கள் சனி ராத்திரி வந்து ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுவார்கள். மாசி, பங்குனியில் பெண்கள் கூலிக்குப் புளி உடைத்துக் கொட்டை எடுப்பார்கள். அப்போது கூட்டம் போடாமல் நீங்களும் போய் உட்கார்ந்து நாலு பழம் உடைத்தால் கூட்டத்தில் பேசாத விஷயமெல்லாம் அங்கே வரும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசனில், மே முதல் ஜூலை வரை, மண்டிக்கும் மாம்பழக் கூழ் கம்பெனிக்கும் போகிறவர்கள் வீடு திரும்ப நேரமாகும், புதிதாக எதையும் தொடங்காதீர்கள். கிராம ஊராட்சியில் இருந்தால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளுக்குப் போங்கள். பேசுவது நீங்களாக இருக்க வேண்டாம். தண்ணி ரிசல்ட்டை அந்தக் குழு அக்கா கையில் கொடுத்து அவர் பேசினால் தீர்மானமாகும், வாடகைக்கு வந்தவர் பேசினால் "இவங்க யாரு" என்பதில் கூட்டம் முடியும்.

கடன் கேட்டு வருவார்கள், நிச்சயமாக. வீட்டின் பெயரில் கடன் கிடையாது என்று முதல் ஆளிடமே சொல்லிவிடுங்கள், மருத்துவச் செலவென்றால் தெரு நிதியிலிருந்து திருப்பித் தர வேண்டாத சிறு தொகை கொடுக்கலாம். தேர்தல் வந்தால் சுவரில் எந்தக் கட்சி போஸ்டரும், திண்ணையில் எந்தக் கட்சிக் கூட்டமும் வேண்டாம். வீட்டில் ஒருவர் கட்சிக்காரராக இருந்தால் அதை அவர் வெளியே வைத்துக்கொள்ளட்டும்.

வேலை மாறி, கல்யாணமாகி, ஒவ்வொருவராகக் கிளம்புவது இயல்பு, அதனால் வெளியேறும் விதியைச் சேரும்போதே எழுதுங்கள். ஒரு மாத முன்னறிவிப்பு. அட்வான்ஸில் அவர் பங்கு, மூன்று மாத வாடகையான 42,000ல் 6,000, புதிதாக வருகிறவர் கையிலிருந்து அவருக்குப் போகும். ஆள் கிடைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனால் மட்டும் வீட்டு நிதியிலிருந்து கொடுத்து ஈடுகட்டுங்கள். சிலிண்டர் இணைப்பும் நெட்டும் அவர் பெயரில் இருந்தால் போகும் முன் மாற்ற வேண்டும், பேங்க் கணக்கில் அவர் கையெழுத்து இருந்தால் அதையும். அவர் பார்த்துவந்த பிள்ளைகளையும் மனு நோட்டையும் அடுத்தவர் ஏற்கும் வரை இரண்டு வாரமாவது இருவரும் சேர்ந்து உட்காருங்கள்; எந்த ரசீது எண் எந்த ஆயாவுடையது என்பது நோட்டில் இருந்தாலும், அந்த ஆயா வீட்டுக்குப் புது ஆளை நேரில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வர வேண்டும்.